ஒரு தீவு, இரண்டு பேச்சு: நியுவே மொழியின் உறவுமுறை

(உலகத் தாய்மொழி நாளையொட்டி வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்மொழி நாள் என்றதும் தமிழின் பெருமையைப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ள தமிழாசிரியர்கள் இங்கே முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியன். எனக்குப் பழக்கமானது வரைபடம். அதனால் வரைபடத்தில் உள்ள ஒரு புள்ளியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டிப் பெருங்கடல்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். பசிபிக்கின் நடுவே ஒரு பையன் விரலை வைத்தான். அவன் விரல் நகத்தை எடுத்த பிறகுதான் கீழே ஒரு புள்ளி இருப்பதே தெரிந்தது. "சார், இந்தப் புள்ளிக்கும் தனி பாஷை உண்டா?" என்று கேட்டான். புள்ளியின் பெயர் நியுவே. "தெரியலைப்பா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். பார்க்கப் போனவன் சில மாதங்கள் அதிலேயே கிடந்தேன்.

நியுவே பவளப்பாறை கடலிலிருந்து மேலெழும்பி உருவான தீவு. பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். ஆறு கிடையாது. கரையெங்கும் செங்குத்துப் பாறை. டோங்காவுக்குக் கிழக்கே, சமோவாவுக்குத் தென்கிழக்கே, நியூசிலாந்திலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1774இல் கேப்டன் குக் கரையிறங்க முயன்றார். தீவினர் விடவில்லை. அந்தக் கோபத்தில் 'காட்டுமிராண்டித் தீவு' என்று பெயரிட்டு வரைபடத்தில் எழுதிவிட்டுப் போனார். தன் வாசலை மறித்து நின்றவனுக்குக் கிடைத்த பெயர் அது. 1974 முதல் நியூசிலாந்துடன் இணைந்த தன்னாட்சி நாடாக இருக்கிறது. மக்கள் தொகை இன்று சுமார் 1,700. நம்மில் சிலருடைய பள்ளியில் மாணவர் எண்ணிக்கையே அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இந்த 1,700 பேருக்கு ஒரு மொழி உண்டு. அதை 'வஙஹாவு நியுவே' என்கிறார்கள். அந்தச் சொல்லின் நடுவில் உள்ள ங எழுத்தைக் கவனியுங்கள். நாம் ங, ஙா, ஙி என்று வரிசை முழுவதையும் பிள்ளைகளை எழுத வைக்கிறோம். பிறகு அவற்றில் தொடங்கும் சொல் கேட்டால் நாமே தடுமாறுகிறோம். நியுவேயில் 'ஙுத்து' என்றால் வாய். அந்த ஊர்க் குழந்தைக்கு ங வரிசை முழுவதும் அன்றாடம் தேவைப்படும். இன்னொன்று. அவர்கள் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். 'த' ஒலிக்கு உரிய எழுத்து, இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னால் வந்தால் 'ச' பக்கம் சாய்ந்து ஒலிக்கும். 'அவதெலே' என்று எழுதியிருக்கும் ஊரை 'அவசெலே' என்பார்கள். எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது உறுதியாக இருப்பதால் இன்னொரு எழுத்து தேவைப்படவில்லை. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே க எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று விதமாக ஒலிக்கிற நமக்கு இது வியப்பாக இருக்காது.

சரி, இந்த மொழி யாருக்கு உறவு?

முதலில் பெரிய குடும்பம். நியுவேயில் ஐந்து என்பதற்கு 'லிமா'. கை என்பதற்கும் அதே 'லிமா'தான். கையில் ஐந்து விரல், கணக்கு முடிந்தது. மலாய் மொழியில் ஐந்து 'லிமா'. பிலிப்பைன்சின் தகலாகில் 'லிமா'. ஹவாயில் 'லிமா'. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் இருக்கும் மடகாஸ்கரில் 'திமி'. தைவானில் தொடங்கி மடகாஸ்கர், ஹவாய், ஈஸ்டர் தீவு வரை பரந்து, 1,200க்கும் மேற்பட்ட மொழிகளைக் கொண்ட ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம் இது. நெதர்லாந்து அறிஞர் ரெலாண்ட் 1708இலேயே, கப்பல்காரர்கள் எழுதிவந்த சொற்பட்டியல்களை வைத்து மலாய்க்கும் மடகாஸ்கருக்கும் பசிபிக் தீவுகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் குறித்துவிட்டார். இந்தக் குடும்பத்தில் ஓசியானியக் கிளை, அதற்குள் பாலினேசியக் கிளை. நியுவே, டோங்கா, சமோவா, ஹவாய், நியூசிலாந்தின் மாவோரி எல்லாம் பாலினேசியக் கிளையில் வருபவை.

இதுவரை எளிது. பாலினேசியக் கிளைக்குள் நியுவேயின் உடன்பிறப்பு யார் என்பதுதான் சிக்கல். டோங்காவா, சமோவாவா? இரண்டும் அண்டை நாடுகள். இரண்டிலிருந்தும் நியுவேக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். பொதுச்சொற்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சொற்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்த இடத்தில் மொழியியலாளர்கள் செய்வது, தேர்வு அறையில் நாம் செய்கிற வேலைதான். இரண்டு விடைத்தாள்களில் ஒரே சரியான விடை இருந்தால் நாம் எதையும் சந்தேகிப்பதில்லை. இருவருமே படித்திருப்பார்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே விசித்திரமான தவறு இருந்தால்? உடனே இருக்கை எண்ணைப் பார்ப்போம். மொழிகளிலும் அப்படித்தான். மூதாதை மொழியில் இருந்ததை இரண்டு மொழிகள் அப்படியே வைத்திருந்தால் அதிலிருந்து அதிகம் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஒரே மாதிரி மாறியிருந்தால்தான் அவை ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தன என்று சொல்லலாம். மாற்றம் தவறு அல்ல, உவமைக்காகச் சொன்னேன்.

கரும்பலகையில் இரண்டே எண்களை எழுதினால் போதும்: இரண்டு, மூன்று.

ஃபிஜி மொழியில் 'ருவா', 'தொலு'. ஃபிஜி பாலினேசியக் கிளைக்கு வெளியே நிற்கும் நெருங்கிய உறவு. அங்கே ர வேறு, ல வேறு. மடகாஸ்கரிலும் இந்த இரண்டு எண்களில் ஒன்றில் ர, மற்றதில் ல. ஆகவே பழைய நிலை அதுதான்.

சமோவாவில் 'லுவா', 'தொலு'. இரண்டிலும் ல. மாவோரியில் 'ருவா', 'தொரு'. இரண்டிலும் ர. எந்த ஒலியை வைத்துக்கொண்டன என்பது வேறுபட்டாலும், இரண்டு மொழிகளிலும் ரகர லகர வேற்றுமை கலைந்து ஒன்றாகிவிட்டது.

டோங்காவில் 'உவா', 'தொலு'. இங்கே ல அப்படியே இருக்கிறது. ர மட்டும் உதிர்ந்துபோயிற்று. நியுவேயில்? 'உவா', 'தொலு'.

இந்த இடத்தில் பையன்களே சொல்லிவிட்டார்கள், "சார், டோங்கா பக்கத்து இருக்கை!" என்று. ஆம். பாலினேசியக் கிளை முதலில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று டோங்காக் கிளை. அதில் முக்கியமாக டோங்கா மொழியும் நியுவேயும். மற்றது சமோவா, மாவோரி, ஹவாய் உள்ளிட்ட மற்றவை அடங்கிய பெரிய கிளை. 1953இல் எல்பர்ட் ஒலிகளையும் சொற்களையும் வைத்து இந்த வகைப்பாட்டுக்கு வழி போட்டார். 1966இல் ஆண்ட்ரூ பாலி, சேர்ந்து நடந்த இலக்கண மாற்றங்களைக் கொண்டு அதை உறுதியாக்கினார்.

இலக்கணம் என்றதும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நியுவேயில் வினை முதலில் வரும். 'பையன் மீனைத் தின்றான்' என்பதைத் 'தின்றான் பையன் மீன்' என்ற வரிசையில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் நம்மைப் போல மீனைச் செயப்படுபொருள் என்று காட்டும் உருபு சேர்ப்பதில்லை. தின்றவனுக்குத் தனி அடையாளம் வைப்பார்கள். 'பையன் போனான்' என்று சொல்லும்போது பையனுக்கு அந்த அடையாளம் வராது. அங்கே அவன், மீன் நின்ற நிலையில் நிற்பான். டோங்காவிலும் சமோவாவிலும்கூட இப்படித்தான். ஆகவே உடன்பிறப்பு யார் என்ற கேள்விக்கு இது உதவாது. இலக்கணப் பிரியர்களுக்காகச் சொன்னேன்.

இனி தீவுக்குள் போவோம். இத்தனை சிறிய தீவில் இரண்டு வட்டார வழக்குகள். வடக்கே 'மொத்து', தெற்கே 'தஃபித்தி'. மொத்து என்றால் தீவுக்காரர். தஃபித்தி என்றால் தொலைவிலிருந்து வந்தவர். வடக்கு வழக்கே பழையது என்பார்கள். முற்காலத்தில் இரண்டு பக்கத்தாருக்கும் ஓயாத சண்டை. தெற்கில் இருப்பவர்கள் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் பெயர் 'வந்தவர்' என்றே நிலைத்துவிட்டது. ஊருக்கு ஊர் இந்தக் கதை இருக்கும்போல.

அந்த 'தஃபித்தி' என்ற சொல்லை வைத்தே வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். நீங்களும் கொடுத்துப் பாருங்கள், செலவில்லாதது. நியுவேயில் வீடு 'ஃபலே', ஹவாயில் 'ஹலே'. நியுவேயில் நான்கு 'ஃபா', ஹவாயில் 'ஹா'. நியுவேயில் ஏழு 'ஃபித்து', ஹவாயில் 'ஹிக்கு'. அப்படியென்றால் 'தஃபித்தி' ஹவாயில் எப்படி இருக்கும்? இரண்டு நிமிடம் அமைதி. கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "கஹிக்கி?" என்றான். கணிதத்தில் தொடர்ந்து தோற்கிற பையன். ஃப இருந்த இடத்தில் ஹ, த இருந்த இடத்தில் க என்று அவனாகவே விதி கண்டுபிடித்திருந்தான். ஹவாய் மொழியில் 'கஹிக்கி' என்ற சொல் உண்டு. பொருள், கடலுக்கு அப்பால் உள்ள தொலைநாடு. அதைச் சொன்னபோது அவன் முகம் இருந்த இருப்பை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. உங்களுக்கே அந்த முகம் தெரியும்.

மொத்துக்கும் தஃபித்திக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சொற்களில்தான். துருவுவதற்குத் தெற்கே 'வொலு', வடக்கே 'மதஹெலே'. கொய்யாவுக்குத் தெற்கே 'லலா', வடக்கே 'கவுதொஙா'. கொய்யா அமெரிக்கக் கண்டத்துப் பழம். ஐரோப்பியக் கப்பல்கள் பசிபிக்கில் ஓடத் தொடங்கிய பிறகே அந்தத் தீவுகளுக்கு வந்திருக்க முடியும். புதிதாக வந்த ஒரு பழத்துக்கு, ஒரே நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவில், இரண்டு பக்கமும் இரண்டு பெயர்!

சில சொற்கள் வடிவத்தில் மட்டும் வேறுபடும். ஒரு பக்கம் 'ஹஃபுலே', மறுபக்கம் 'அஃபுலே'. ஒரு பக்கம் 'மலொனா', மறுபக்கம் 'மஒனா'. அப்படியொரு இணைதான் என்னை நிறுத்தியது. சிறியவை என்பதற்கு 'லிக்கிலிக்கி' என்றும் சொல்கிறார்கள், 'இக்கிஇக்கி' என்றும் சொல்கிறார்கள்.

கேட்டால் ஏதோ மழலை வேறுபாடுபோல இருக்கிறது அல்லவா? சற்று முன் பார்த்த விதியை வைத்துப் பாருங்கள். மாவோரியில் இந்தச் சொல் 'ரிக்கி'. சமோவாவில் க தொண்டைக்குள் அடங்கிப்போய் 'லிஇலிஇ'. டோங்காவில் 'ஈக்கி'. டோங்காவில் முதல் எழுத்து உதிர்ந்திருப்பதால் பழைய சொல்லில் இருந்தது ர என்று தெரிகிறது. டோங்காக் கிளையில் ர உதிர வேண்டும். 'இக்கிஇக்கி' அந்த விதிப்படி வந்த சொல், குடும்பத்துச் சொத்து. 'லிக்கிலிக்கி'யில் இருக்கும் ல அந்த விதிக்குள் அடங்காது. அது மறு கிளையின் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த வடிவம்போல இருக்கிறது. ஒரே தீவில், ஒரே பொருளுக்கு, பிறந்த வீட்டின் வரலாற்றை ஒரு சொல்லும் கடல்வழி உறவின் வரலாற்றை இன்னொரு சொல்லும் வைத்திருக்கின்றன.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பழைய விடைத்தாள் ஞாபகம் வந்தது. நான் வட மாவட்டத்துக்காரன். என் முதல் பணியிடம் தெற்கே. அங்கே ஒரு மாணவி, "மூப்பு நிலையில் ஆறு பைய ஓடும்" என்று எழுதியிருந்தாள். 'பைய' என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, மேலே 'மெதுவாக' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். பேச்சு வழக்கை எழுதக்கூடாது என்று வகுப்பிலும் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு விடைகளைச் சுருக்கமாகவே எழுதினாள். தெரிந்த அளவுக்கு எழுதவில்லை. அந்தத் தாளை ஓய்வறையில் பார்த்த எங்கள் தமிழாசிரியர் ஐயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "திருக்குறள்லயும் 'பைய' வருது. வள்ளுவருக்கும் அரை மார்க் குறைப்பீங்களா சார்?" மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். சுழித்த சிவப்பு வட்டத்தை என்ன செய்வது?

நியுவேக்குத் திரும்புகிறேன். வெளியிலிருந்து சொற்கள் எப்படி வந்தன என்பதில் ஒரு பகுதிக்கு ஆண்டுக் கணக்கே உண்டு. 1846இல் நுகாய் பெனியமினா என்ற நியுவேக்காரர் சமோவாவில் கிறித்தவம் கற்று, வடக்கே முத்தலாவு என்ற ஊருக்குத் திரும்பினார். 1849இல் பாவுலோ என்ற சமோவா ஆசிரியர் வந்தார். வழிபாடும் எழுத்தும் படிப்பும் சமோவா வழியாக நுழைந்தன. எழுத்து முறையிலேயே இதைப் பார்க்கலாம். பத்து என்பதற்கு டோங்காவிலும் நியுவேயிலும் ஒரே சொல்தான், 'ஹொஙொஃபுலு'. ஆனால் ங ஒலியை டோங்காவில் இரண்டு ரோமன் எழுத்துகளால் எழுதுகிறார்கள். நியுவேயில் சமோவாவைப் போல ஒரே எழுத்து. சொல் டோங்காக் குடும்பம், சட்டை சமோவாத் தையல்.

அவர்கள் வணக்கம் சொல்வது 'ஃபகாஅலொஃபா லஹி அத்து'. உங்களுக்குப் பேரன்பு என்ற பொருள். அதனுள் இருக்கும் 'அலொஃபா', ஹவாயின் 'அலோஹா', மாவோரியின் 'அரொஹா', சமோவாவின் 'அலொஃபா' எல்லாம் ஒரே சொல். டோங்காவில் மட்டும் அது ஒலி உதிர்ந்து 'ஒஃபா' என்று குறுகி நிற்கிறது. விதிப்படி நியுவேயிலும் அந்த ல இருக்கக்கூடாது. இருக்கிறது. ஆகவே தினமும் ஒருவரையொருவர் வாழ்த்தச் சொல்லும் சொல்லே உறவினர் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும் என்பது என் கணிப்பு. அதனால் மொழியின் குடும்பம் மாறிவிடவில்லை. எண்ணும்போது 'உவா' என்றுதானே எண்ணுகிறார்கள்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தபோது முதல் கேள்வி கேட்ட அதே பையன் எழுந்தான். "அந்த ஊர்ப் பிள்ளைங்க இதைப் பேசுறாங்களா சார்?"

1960களில் நியுவேயில் 5 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் விமான நிலையம் திறந்தது. நியுவேக்காரர்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். நுழைவு அனுமதி தேவையில்லை. வேலைக்கும் படிப்புக்கும் ஆக்லாந்துக்குப் போனார்கள். 2004 ஜனவரியில் ஹெட்டா புயல் வீசித் தீவைச் சிதைத்தது. இன்று நியூசிலாந்தில் நியுவே வம்சாவளியினர் 30 ஆயிரத்துக்கும் மேல். தீவில் இருப்பவர்களைப்போலப் பல மடங்கு. ஆனால் அங்கே பிறந்த பெரும்பாலோருக்கு ஆங்கிலமே பேச்சு மொழி; நியுவே பேசத் தெரிந்தவர்கள் சிறு பகுதி. யுனெஸ்கோ இந்த மொழியை அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மக்கள் அழியவில்லை, பெருகியிருக்கிறார்கள். வீட்டில் பாட்டி கேட்பதற்குப் பேத்தி வேறு மொழியில் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான் நடந்தது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1970இல் மெக்யூவனும் 1997இல் ஸ்பெர்லிக்கும் தொகுத்த அகராதிகள் இருக்கின்றன. தீவில் உள்ள பள்ளியில் மொழி கற்பிக்கப்படுகிறது. நியூசிலாந்தில் ஆண்டுதோறும் நியுவே மொழி வாரம் கொண்டாடுகிறார்கள். வாரம் கொண்டாடுவதால் மொழி பிழைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். நாமும் நாள் கொண்டாடத்தானே கூடியிருக்கிறோம். ஆனால் ஆக்லாந்தில் பிறந்த ஒரு குழந்தை முதல்முறையாகத் தன் பாட்டியை 'ஃபகாஅலொஃபா' என்று வாழ்த்துவது அந்த வாரத்தில்தான் என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அந்தக் குழந்தைக்குப் பாடம் எழுதுகிற ஆசிரியரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். வடக்கூர்ப் பாட்டியும் உண்டு, தெற்கூர்ப் பாட்டியும் உண்டு. 'சிறியவை' என்று படத்தின் கீழே அச்சிட ஒரு வரிதான் இடம் இருக்கும். லிக்கிலிக்கி என்று போடுவாரா, இக்கிஇக்கி என்று போடுவாரா? எதைப் போட்டாலும் பாதிக் குழந்தைகள் வீட்டுக்குப் போய், பாட்டி தப்பாகப் பேசுகிறாள் என்று சொல்லக்கூடும்.

இதை என் மாணவர்களிடமே கேட்டேன். இரண்டையும் போட இடம் இல்லையா என்றார்கள். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் வரும் என்றான் கடைசி வரிசைப் பையன்.

உலக வரைபடத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது, நான் போட்டதல்ல. தேநீர் இடைவேளையில் பார்க்கலாம்.